ஹூஸ்டன் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்: சோறாக்க ஆள் இருக்கிறது, மனு எழுதத்தான் இல்லை

பெருமதிப்புக்குரிய ஆயர்களுக்கும், பங்குக் குருக்களுக்கும், சபைக் கமிட்டியாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், வாலிபர் கூட்டத்தாருக்கும்,

ஸ்தோத்திரம்.

புயல் பருவம் ஜூன் 1 அன்று தொடங்குகிறது. நவம்பர் 30 வரை நமக்கு நிம்மதி இல்லை. அதற்கு முன்னால் உங்கள் கமிட்டிக் கூட்டங்களில் 'நிவாரணக் குழு' என்று ஒரு பொருள் எடுக்கப்படும். என்ன முடிவாகும் என்பதும் தெரிந்ததுதான்: தண்ணீர்ப் பாட்டில்கள், அரிசி, போர்வை, வாடகைக்கு ஒரு வேன், சபையின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட். இந்த ஆண்டு அப்படி முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். எடுத்தே தீருவீர்கள் என்றால் டி-ஷர்ட்டையாவது விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு வேலை. புயல் ஓய்ந்த மறுவாரம் தொடங்கி ஓராண்டு வரை, சபைக் கூடத்தின் மூலையில் ஒரு மேசை. மத்திய அரசின் பேரிடர் முகமையான ஃபீமாவுக்கு மனு நிரப்பிக் கொடுக்கவும், மறுப்புக் கடிதம் வந்தால் படித்துப் பொருள் சொல்லவும், மேல்முறையீட்டுக்குக் காகிதம் சேர்க்கவும் தெரிந்த நாலைந்து பேர் அங்கே உட்கார வேண்டும். தமிழோடு தெலுங்கோ இந்தியோ மலையாளமோ பேசத் தெரிந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. அந்த மேசையில் சோறும் துணியும் வேண்டாம். ஒரு பிரிண்டர் வேண்டும்.

இதைப் படித்ததும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அசனப் பண்டிகைக்கு ஊரையே உட்காரவைத்துப் பரிமாறி வளர்ந்தவர்கள் நீங்கள். பசித்தவனிடம் படிவத்தை நீட்டுவதா என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இந்த நாட்டில் புயலுக்குப் பிறகு சோறாக்குவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு சபை இருக்கிறது. 1967இல் பியூலா புயல் டெக்சாஸின் தென்கோடியைத் தாக்கியபோது, இந்த மாநிலத்து பாப்டிஸ்ட் ஆண்கள் சிலர் சிறு அடுப்புகளைக் கொண்டுபோய்ச் சமைத்துக் கொடுத்தார்கள். அங்கே பிடித்த வேலையை அவர்கள் இன்றுவரை விடவில்லை. தென்னக பாப்டிஸ்டுகளின் நடமாடும் சமையற்கூடங்கள் இன்று ஒரே நாளில் பல்லாயிரம் பேருக்குச் சமைக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகள் அதை வாங்கித் தெருத் தெருவாகக் கொண்டுபோகின்றன. நம் வீட்டு அடுப்புகளில் ஆக்கிய தயிர்ச்சாதமும் புளியோதரையும் அதற்குப் பக்கத்தில் எம்மாத்திரம்? ஆறிப்போன பிறகு கொண்டுபோய், வாங்க ஆளில்லாமல் திரும்பிய பொட்டலங்களை நானே சுமந்திருக்கிறேன்.

மற்றச் சபைகளும் அப்படித்தான், ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுகளுக்குக் கிடங்கு: வந்து குவியும் பொருள்களைப் பிரித்து, எண்ணி, கேட்ட இடத்துக்கு அனுப்புவது. மெதடிஸ்டுகள், 1940இல் தொடங்கிய தங்கள் நிவாரண அமைப்பு வழியாக, குடும்பத்துக்கு ஒரு கோப்பு திறந்து கடைசிவரை கூட நிற்கும் ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்ட மார்மோன்கள் வெள்ளிக்கிழமை இரவு கூடாரத்தோடு வந்து இறங்கி, ஞாயிறு ஆராதனையை வேலை உடையிலேயே சுருக்கமாக முடித்துக்கொண்டு, ஊறிப்போன ஷீட்ராக் சுவர்ப் பலகைகளை அறுத்து வெளியே போட்டுவிட்டுத் திங்கட்கிழமை அலுவலகம் போவார்கள். மெனனைட்டுகளின் பேரிடர்ப் பணி 1950இல் கேன்சஸ் மாநிலத்து ஹெஸ்டனில், ஞாயிறு பள்ளி வகுப்பார் கூடிய ஒரு வனபோஜனத்தில் பேசி உருவானது. அவர்கள் தொலைக்காட்சி வண்டிகள் போன பிறகும் சுத்தியலோடு நின்று வீடு கட்டுவார்கள்.

எனக்கு இவர்கள் எல்லோரிலும் அதிகம் பிடித்தவர்கள் பிரதரன் சபையார். 1980 முதல் அவர்களுடைய வேலை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான்களோடு முகாமுக்கு வந்து, ஒரு மூலையைப் பிரித்து, பிள்ளைகளை மாவு பிசையவும் படம் வரையவும் விடுவார்கள். பெற்றோர் அந்த நேரத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெட்டியின் அருமை தெரியும். யாரோ ஒரு சபையார் முகாமுக்கு வந்து சற்று நேரம் சும்மா நின்று கவனித்திருக்கிறார்கள்; அங்கே எது இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்தப் பங்கீடு தானாக வந்துவிடவில்லை. 1969இல் கமில் புயல் மிசிசிப்பிக் கரையைத் துடைத்துப் போட்டபோது, ஓரிடத்தில் ஒரே உதவி திரும்பத் திரும்பப் போய்ச் சேர, இன்னோரிடத்துக்கு எதுவும் எட்டவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1970இல் ஏழு அமைப்புகள் ஒன்றுகூடி ஒரு தேசியக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. இன்று மாநிலத்துக்கு ஒன்று என்று அதற்குக் கிளைகள் இருக்கின்றன. நம் சபைகளில் எத்தனை அந்தக் கூட்டங்களுக்கு ஓர் ஆளையாவது அனுப்புகின்றன? புயல் வந்த பிறகு அவர்களிடம் போய், நாங்கள் எங்கே வேன் நிறுத்தலாம் என்று கேட்டால், அவர்கள் மரியாதையாகத்தான் பதில் சொல்வார்கள். மனத்துக்குள் என்ன நினைப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அப்படியானால் நம் பங்குக்கு எது மிச்சம்?

ஆதிச் சபையில் நடந்த முதல் நிவாரணச் சண்டை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம். எருசலேமில் அன்றாடப் பந்தி நடந்துகொண்டுதான் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. கிரேக்க மொழி பேசிய விதவைகள் மட்டும் விட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் அதற்காக இன்னொரு பந்தி திறக்கவில்லை. விட்டுப்போனவர்களைக் கவனிக்கவென்றே ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், பந்தி விசாரிப்பது தாழ்ந்த ஊழியமா உயர்ந்த ஊழியமா என்ற பக்கமே பேச்சு போய்விடுகிறது. மொழி தெரிந்தவனைப் பொறுப்பில் வைத்த அந்த நிர்வாக புத்தியைப் பற்றி நான் ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை.

இங்கே விட்டுப்போகிறவர்கள் யார் என்று பார்ப்போம். 2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் அருகே கரையேறியது. பிறகு நகர மறுத்து நம் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. டெக்சாஸின் நெடர்லாண்ட் ஊரில் மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்ட்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அவற்றில் பாதிக்கும் மேலானவை, வெள்ள அபாயப் பகுதி என்று வரைபடத்தில் குறித்திருந்த எல்லைக்கு வெளியே இருந்தவை. பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டிப் பக்கத்தில் பார்க்கர் நீர்த்தேக்கத்துக்கு உள்ளேயே கட்டி விற்ற வீடுகளில் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை உங்கள் ஞாபகத்திலிருந்தே எண்ணிவிடலாம். நல்ல பள்ளிக்கூடம் என்று வாங்கினோம். நிலத்தின் வரைபடத்தில் வெள்ளம் தேங்கக்கூடும் என்று பொடி எழுத்தில் இருந்ததை யார் படித்தோம்?

தண்ணீர் வடிந்த பிறகு, அந்த வீடுகளில் மாதக் கணக்கில் ஓடிய பேச்சு ஒன்றுதான்: "நாம் எச்-1பி. நமக்கு ஃபீமா கிடையாது." இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு கெடுதல் செய்கிறது. ஃபீமாவின் பண உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும், பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கும், சட்டம் தகுதியுள்ளவர் என்று வரையறுத்த வேறு சில பிரிவினருக்கும் உரியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா அந்த வரையறைக்குள் வராது. ஆனால் அதே வீட்டில் இந்த நாட்டில் பிறந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரால் தாயோ தகப்பனோ மனுக் கொடுக்க வழி இருந்துவந்திருக்கிறது. பிள்ளையின் சமூகப் பாதுகாப்பு எண் போதும். பெற்றோரின் விசா நிலையை அந்த மனுவில் சொல்ல வேண்டியதில்லை என்று ஃபீமாவே சொல்லிவந்திருக்கிறது. முகாம், உணவு, குடிநீர், மன ஆறுதல் ஆலோசனை, பேரிடர்க்கால இலவசச் சட்ட உதவி ஆகியவற்றுக்கு யாரும் விசாவைக் கேட்பதில்லை.

தொட்டிலில் படுத்திருந்த குழந்தைக்கு இருந்த உரிமை தெரியாமல், கடன் அட்டையில் ஷீட்ராக் வாங்கிப் போட்ட பொறியாளர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள். கம்பெனியில் பல லட்சம் டாலர் ஒப்பந்தங்களைப் படித்துக் கையெழுத்திடுகிறவர்கள். வீடு நனைந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, மேலாளர் எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வாரத்தில் யாருக்கும் படிப்பு உதவாது. எதிரே உட்கார்ந்து ஒருவர் தமிழில் கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொண்டால் போதும் என்றிருக்கும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கதை வேறு. வீடு நம்முடையதில்லையே, நாம் எதற்கு மனுக் கொடுப்பது என்று இருந்துவிடுகிறார்கள். நனைந்த படுக்கைக்கும், உடைக்கும், தற்காலிக வாடகைக்கும் அவர்களும் கேட்கலாம். பேரிடர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து வழக்கமாக 60 நாள் அவகாசம். பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்றாலும், நீட்டிப்பை நம்பி உட்காருவது புத்திசாலித்தனம் ஆகாது.

இப்போது மறுப்புக் கடிதத்துக்கு வருகிறேன். நம் மேசை உண்மையில் வேலை செய்யப்போவது இதில்தான். 'தகுதியில்லை' என்ற வார்த்தையைப் பார்த்ததும் நம்மவர்கள் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அரசாங்கம் இல்லை என்று சொன்னால் இல்லைதான் என்பது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம். ஆனால் அந்தக் கடிதங்களில் பல, ஒரு காகிதம் குறைகிறது என்பதை அரசாங்க நடையில் சொல்பவை. காப்பீட்டு நிறுவனம் என்ன தந்தது, என்ன மறுத்தது என்ற கடிதம் வேண்டும் என்றிருக்கும். அந்த வீட்டில் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்றிருக்கும். கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்று, ஆளை அடையாளம் காண முடியவில்லை என்று வரும். இதில் நமக்கென்று ஒரு தனித் தலைவிதி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் கடைசியில் நிற்கும். ஓட்டுநர் உரிமத்தில் அது முதலில் போயிருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் வெறும் இனிஷியல். சிலருக்கு விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியாது, என்று அச்சாகியிருக்கும். மனைவியின் பெயருக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் கணவர், இன்னொன்றில் தகப்பனார். பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு இது நாலு வெவ்வேறு ஆள். பாப்டிஸ்ட் தன்னார்வலருக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் அவருடைய வேலை நேரம் முடிந்துவிடும். நம் சபையில் இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது சொல்லாமலே புரியும். அவளே பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் இதை விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

சேதத்தைப் பார்க்க வரும் ஆய்வாளர் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பார். நாம் தெரியாத எண்ணை எடுக்க மாட்டோம். அவர் சில முறை முயன்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார், கோப்பு மூடப்பட்டுவிடும். இதற்கு மருந்து ஒரே ஒரு வாக்கியம்: மனுக் கொடுத்த நாளிலிருந்து எல்லா அழைப்பையும் எடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வதந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவின் மலைப்பகுதியைக் குலைத்துப் போட்டபோது, உடனடித் தேவைக்கென்று ஃபீமா தந்த 750 டாலரைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் வந்தது ஞாபகம் இருக்கும். அது கடன், திருப்பிக் கட்டாவிட்டால் வீட்டை எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். அதற்கு மேல் ஒரு காசு கிடைக்காது என்றார்கள். இரண்டும் பொய். கடன் இல்லை, முதல் தவணைதான். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பிவைத்தவர்களில் சபைப் பொறுப்பில் இருந்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் ஆயர் ஒருவர் அரை நிமிடம் எடுத்துக்கொண்டு, விசாரித்தேன், இது தவறு என்று சொல்லியிருந்தால், அதற்கு இருக்கும் வலு எந்த அரசாங்க இணையதளத்துக்கும் கிடையாது.

ஆனால் மேசைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். விசாவை மாற்றலாமா, பச்சை அட்டைக்குப் பாதிப்பு வருமா என்ற கேள்விகளுக்கு அங்கே யாரும் பதில் சொல்லக் கூடாது. நம்மில் ஆளாளுக்குப் பாதி வக்கீல். லோன் ஸ்டார் லீகல் எய்ட் போன்ற இலவசச் சட்ட உதவி அமைப்புகள் ஹார்விக்குப் பிறகு இந்த வேலையைச் செய்தன. கேள்வியை அங்கே அனுப்புவதோடு மேசையின் கடமை முடிந்தது. வாஷிங்டனில் ஃபீமாவை வைத்துக்கொள்வதா குறைப்பதா என்று வாக்குவாதம் நடக்கும் காலம் இது. சென்ற புயலின் விதி அடுத்த புயலில் அப்படியே இருக்கும் என்று நானும் உறுதி கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு பருவத்துக்கு முன்பும் மேசைக்காரர்கள் விதிகளைப் புதிதாகப் படித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை ஒரு சபை தன் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் காரணம். புயல் அடித்த வாரத்தில் கூடி, அடுத்த மாதம் கலையும் கூட்டத்தால் இது ஆகாது.

புயலுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதில் நீங்கள் அரசாங்கத்தைவிடப் பலசாலிகள். உங்களிடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. ஹார்வி வந்த அதே 2017இல், நவம்பர் இறுதியில், ஒக்கி புயல் குமரிக் கடலில் மீனவர்களை வாரிக்கொண்டு போனது. எத்தனை பேர் கரை திரும்பவில்லை என்ற கணக்கில் அரசு தடுமாறிக்கொண்டிருந்தபோது, கடலோரப் பங்குகள் வீடு வீடாக, படகு படகாகப் பெயர் எழுதிப் பட்டியல் வைத்திருந்தன. அரசின் எண்ணோடு மோத அந்த மக்களிடம் இருந்த ஆயுதம் அதுதான். குருக்களுக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரிந்திருந்ததால்தான் அது சாத்தியமானது. அன்பியக் கூட்டங்களும், வீட்டு ஜெபக் கூட்டங்களும் ஹூஸ்டனிலும் நடக்கின்றன. பட்டியல் எங்கே?

2024 ஜூலை 8 அன்று பெரில் வந்தது. முதல் வகைப் புயல்தான், காற்றும் சீக்கிரம் அடங்கிவிட்டது. ஆனால் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போய், பல இடங்களில் நாள் கணக்கில் வரவில்லை. வெளியே ஜூலை மாதத்து டெக்சாஸ் வெயில். அந்த மாதத்தில் நம் வீடுகளில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோடையில் வந்து ஆறு மாதம் தங்கும் அம்மாவும் அப்பாவும். மகனும் மருமகளும் மின்சாரம் இருக்கும் அலுவலகத்துக்குப் போன பிறகு, இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, கார் ஓட்டத் தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச மொழியில்லாமல் பூட்டிய வீட்டுக்குள் இருப்பவர்கள். சென்டர்பாயிண்ட் மின் நிறுவனத்துக்கு அது ஓர் இணைப்பு எண். கவுண்ட்டியின் கணக்கில் அந்தப் பெரியவர்கள் இல்லவே இல்லை. உங்களுக்குத் தெரியும், முந்தின ஞாயிறு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்களே, ஊரிலிருந்து வந்திருப்பதாக நீங்களே பெயர் சொல்லி வரவேற்றீர்களே.

அவர்களை எழுதி வையுங்கள். எந்த வீட்டில் முதியவர் பகலில் தனியாக இருக்கிறார், யாருக்கு மூச்சுக் கருவி, யாருக்கு டயாலிசிஸ், யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யார் வீடு மேடு, யாரால் இன்னொரு குடும்பத்தை நாலு நாள் வைத்துக்கொள்ள முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். 211 எண்ணில் அழைத்தால் மாநிலத்தின் சிறப்பு உதவிப் பதிவேட்டிலும் பெயர் சேர்க்கலாம். அதையும் செய்து கொடுங்கள். ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: யாருக்கு என்ன விசா என்பதை. அந்த விவரம் உங்களுக்குத் தேவையில்லை. இன்றைய காலத்தில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் குடும்பங்கள் சபைப் பக்கம் வராது. பட்டியலைக் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் ஏற்றாமல் இரண்டு பேர் பொறுப்பில் வைப்பதும் அவசியம்.

துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் தொடாத பழந்துணி மலை மலையாகக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கட்டிய புடவையோடு கடலில் உறவை இழந்து நின்றவர்களுக்கு, கிழிந்த கால்சட்டைகளும் ஒற்றைச் செருப்பும். 1998இல் மிட்ச் புயலுக்குப் பிறகு வெப்ப நாடான ஹோண்டுராசுக்குக் குளிர்கால மேலங்கிகள் போய்ச் சேர்ந்தன. ஊர் மாறினாலும் அலமாரி காலி செய்யும் ஆசை மாறுவதில்லை. உங்கள் சபை வாசலில் துணிப் பெட்டி வைத்த மறுநாளே, பிரிக்க இருபது பேர், வைக்க ஓர் அறை, கடைசியில் குப்பைக்குக் கொண்டுபோக ஒரு லாரி என்று செலவு வரும். பணமாகக் கொடுங்கள் என்று சொல்வதற்கு நமக்கு ஏனோ கூச்சம். தசமபாகத்துக்கு இல்லாத கூச்சம் இதற்கு எதற்கு?

வாலிபர் கூட்டத்தாருக்கு: நனைந்த வீடுகளைக் காலி செய்யும் வேலைக்கு நீங்கள் போவீர்கள், போகவும் வேண்டும். ஒன்றிரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அப்போது கைகள்தான் தேவை. ஆனால் தனியாகத் தெருவில் இறங்காதீர்கள். எந்த வீட்டுக்கு ஆள் போயாயிற்று, எந்த வீடு காத்திருக்கிறது என்று எல்லா அமைப்புகளும் பார்க்கும் பொதுவான வேலைப் பட்டியல் இப்போது இணையத்தில் இருக்கிறது. அதில் சபையைப் பதிவு செய்துகொண்டு, வரும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரும் வீடு நம்மவர் வீடாக இருக்காது, இருக்க வேண்டும் என்பதுமில்லை. போகிற இடத்தில் பெயர், நேரம், வேலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சீரமைப்புச் செலவில் பொதுவாக நாலில் ஒரு பங்கை உள்ளூர் தரப்பு ஏற்க வேண்டும். தன்னார்வலர்களின் பதிவான உழைப்பு மணிகளை அந்தப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. நீங்கள் சிந்திய வியர்வை கவுண்ட்டிக்குப் பணமாகும். எழுதாவிட்டால் ஆகாது.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். அந்த மேசையில் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். ஜெபிக்கட்டுமா என்று முதலில் கேட்காதீர்கள். அவர்கள் கேட்டால் ஜெபியுங்கள். பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகும் குடும்பம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் கீழக்கரைக் குடும்பம், எங்கேயும் போகாத குடும்பம் எல்லோரும் தங்கள் பிறப்புச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் உங்கள் முன்னால் விரிக்கப்போகிறார்கள். சோறு வாங்கிக்கொண்டு போகிறவரைவிட இவர்கள் உங்களிடம் அதிகமாகத் திறந்து காட்டுகிறார்கள். நிவாரணத்தின் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம் ஊரில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அது விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. முடிந்தால் மேசையில் ஒரு நாற்காலியைக் கோயில் கமிட்டிக்காரர் ஒருவருக்கும், தமிழ்ச் சங்கத்தார் ஒருவருக்கும் கொடுங்கள். உங்கள் கூடத்தில் நடக்கும் வேலைக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். சில மூப்பர்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

செலவு அதிகமில்லை. ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், இரண்டு மடிக்கணினி, ஒரு கைபேசி எண். பயிற்சிக்கு, மாநிலக் கூட்டமைப்பிலும் மெதடிஸ்டுகளிடமும் கேட்டால் சொல்லித்தர ஆள் உண்டு. பணி ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், வேலை விசா இல்லாததால் வீட்டில் இருக்கும் எம்.எஸ்ஸி படித்த சகோதரிகள் என்று இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். நிவாரணக் குழு என்றதும் நாம் அவர்களைக் காய் நறுக்கத்தான் கூப்பிடுகிறோம்.

மே மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும் நேரத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். மனுவின் மாதிரிப் படிவங்களையும், பெயர் அழித்த சில மறுப்புக் கடிதங்களையும் கொண்டுவருகிறேன். இரண்டு மூன்று சபைகள் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்துக்கொண்டாலும் சரி. எந்தச் சபையின் கூடத்தில் வைப்பது என்று மட்டும் ஜூன் மாதத்துக்குள் முடிவு செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கேட்டியிலிருந்து,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தினர்